போலி ஆன்டி ஸ்பைவேர்: உங்க சைட்டுல வர்ற விளம்பரத்தையும் கொஞ்சம் பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் விருதுநகர்ல சின்னதா ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வச்சிருக்கேன். உங்க பேப்பரை எங்க அப்பா காலத்துல இருந்து வாங்குறோம், இப்ப பாதி நேரம் கடை சிஸ்டத்துல உங்க சைட்டைத் தொறந்துதான் படிக்கிறேன். இந்தக் கடிதத்துக்குக் காரணமும் அந்த சைட்தான். என் கஸ்டமர் ஒருத்தர், ரிட்டயர்டு வாத்தியார், உங்க சைட்டுல செய்தி படிச்சிட்டு இருக்கும்போது நடுவுல வந்த விளம்பரத்துல கை பட்டிருக்கு, உடனே ஸ்கிரீன் முழுக்க சிவப்பாகி, உங்க கம்ப்யூட்டர்ல ஸ்பைவேர் (ரகசியமா வேவு பாக்குற சாஃப்ட்வேர்) இருக்கு, பேங்க் பாஸ்வேர்டு திருடு போகுதுன்னு பீப் பீப்னு கத்த ஆரம்பிச்சிடுச்சு. அவரும் பயந்து போய் அது சொன்ன ‘கிளீனர்’ ஒண்ணை இறக்கிப் போட்டுட்டார். அது நூத்துக்கணக்குல பிரச்சனை இருக்குன்னு லிஸ்ட் போட்டுக் காட்டிட்டு, எடுக்கணும்னா காசு கட்டுன்னு நிக்குது. பக்கத்துல ஒரு கடையில காட்டினதுக்கு, எல்லாம் போச்சு சார், உள்ள இருக்கிறதை எல்லாம் அழிச்சு ஃபார்மட் அடிச்சாதான் சரியாகும்னு சொல்லிட்டாங்களாம். அவரு மக கல்யாண போட்டோ எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு, மனுஷன் கலங்கிப் போய் எங்கிட்ட தூக்கிட்டு வந்தார். ஃபார்மட் எல்லாம் அடிக்கவே இல்ல, சாயங்காலத்துக்குள்ள சுத்தம் பண்ணிக் குடுத்துட்டேன், ஒரு போட்டோ கூட போகல.

உங்களைக் குத்தம் சொல்ல எழுதல சார். பெரிய பெரிய பேப்பருக்கே இது நடந்திருக்கு. 2009 செப்டம்பர்ல நியூயார்க் டைம்ஸ் சைட்டுல இதே மாதிரி போலி வைரஸ் எச்சரிக்கை வந்துச்சு. வானேஜ்னு ஒரு இன்டர்நெட் போன் கம்பெனி பேரைச் சொல்லி விளம்பர இடம் வாங்கியிருக்காங்க, முதல்ல ஒழுங்கான விளம்பரம்தான் ஓடியிருக்கு, சனி ஞாயிறு வந்ததும் உள்ள இருந்ததை மாத்திட்டாங்க. அடுத்த வருஷம், 2010 பிப்ரவரியில, அமெரிக்காவுல மினியாபொலிஸ் ஊர்ல ஸ்டார் ட்ரிப்யூன் பேப்பர். லாட்வியா நாட்டுல இருந்துக்கிட்டு இல்லாத ஒரு விளம்பர ஏஜென்சியை உருவாக்கி, ஒரு ஹோட்டல் கம்பெனிக்கு விளம்பரம் வேணும்னு கேட்டிருக்காங்க. பேப்பர்காரங்க அந்த விளம்பரத்தை டெஸ்ட் பண்ணியும் பாத்திருக்காங்க, ஒரு தப்பும் தெரியல. ஓட ஆரம்பிச்ச அப்புறம் அதுக்குள்ள இருந்த புரோகிராமை மாத்திட்டாங்க, செய்தி படிக்க வந்தவங்க கம்ப்யூட்டர் எல்லாம் மாட்டிக்கிச்சு, சரி பண்ண 49.95 டாலர் கட்டுன்னு கேட்டுச்சு. இதை அமெரிக்காவோட புலனாய்வு அமைப்பு எஃப்பிஐ துருவி 2011ல வழக்குப் போட்டாங்க, முக்கியமான ஆள் ரொம்ப வருஷம் தலைமறைவா இருந்து போலந்துல சிக்கி, 2017ல அமெரிக்காவுக்குக் கொண்டு போய், அடுத்த வருஷம் 33 மாசம் ஜெயில் தண்டனை குடுத்தாங்க. அதனால முதல் நாள் பாத்தோம் நல்லாதான் இருந்துச்சுன்னு ஒரு விளம்பரத்தை விட்டுட முடியாது, அதைத்தான் உங்க விளம்பரப் பிரிவுக்கு முதல்ல சொல்லணும்னு நினைச்சேன்.

இது ஏதோ சின்னப் பசங்க விளையாட்டுக்குப் பண்றதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, கிடையாது, ஆபீஸ் போட்டு ஆள் வச்சு சம்பளம் குடுத்து நடத்துற வியாபாரம். 2008 டிசம்பர்ல அமெரிக்காவோட எஃப்டிசி, அதாவது அங்க நுகர்வோர் விஷயத்தைப் பாக்குற மத்திய அமைப்பு, இன்னொவேட்டிவ் மார்க்கெட்டிங்னு ஒரு கம்பெனி மேல கோர்ட்டுக்குப் போச்சு. வின்ஃபிக்ஸர், வின்ஆன்டிவைரஸ், டிரைவ்கிளீனர், எரர்சேஃப், எக்ஸ்பி ஆன்டிவைரஸ் இதெல்லாம் அவங்க சரக்குதான். பழைய விண்டோஸ் எக்ஸ்பி சிஸ்டம் வச்சிருந்தவங்களுக்கு இந்தப் பேர்ல ஒண்ணாவது ஞாபகம் இருக்கும். பத்து லட்சம் பேருக்கு மேல காசு குடுத்து வாங்கி ஏமாந்ததா எஃப்டிசி சொல்லுச்சு. ஒழுங்கான கம்பெனிங்க விளம்பரம்னு சொல்லிக் குடுத்துட்டு, பல சைட்டுக்கு விளம்பரம் அனுப்புற நெட்வொர்க்காரங்க அவங்க கம்ப்யூட்டர்ல பாத்தா நல்ல விளம்பரமும், ஜனங்க பாத்தா போலி ஸ்கேனும் தெரியிற மாதிரி செஞ்சிருந்தாங்க. 2012ல அந்த வழக்குல ஒரு பெண் நிர்வாகி மேல மட்டும் 16.3 கோடி டாலர் கட்டணும்னு தீர்ப்பு வந்துச்சு. அதுக்கும் முன்னாடி 2005லயே ஸ்பைவேர் அசாசின்னு ஒண்ணு, இலவச ஸ்கேன்னு கூப்பிட்டு, சுத்தமா இருக்கிற கம்ப்யூட்டர்லயும் ஸ்பைவேர் இருக்குன்னு காட்டி 29.95 டாலர் வாங்குனதுக்காக எஃப்டிசி கிட்ட மாட்டுச்சு.

முடிஞ்சு போன கதைன்னு நினைச்சிடாதீங்க. 2024 மார்ச்ல ரெஸ்டோரோ, ரீஇமேஜ்னு சைப்ரஸ் நாட்டுல இருக்கிற ரெண்டு கம்பெனி, மைக்ரோசாஃப்ட்ல இருந்து வர்ற எச்சரிக்கை மாதிரியே பாப்-அப் (திடீர்னு மேல வந்து நிக்கிற பெட்டி) காட்டி ஜனங்களைப் பயமுறுத்துனதுக்காக 2.6 கோடி டாலர் கட்ட ஒத்துக்கிட்டாங்க. நம்ம நாட்டுலயும் 2023 அக்டோபர்ல சிபிஐ ‘ஆபரேஷன் சக்ரா 2’ன்னு பல மாநிலத்துல ரெய்டு நடத்துச்சு, அதுல ஒரு பக்கம் மைக்ரோசாஃப்ட்டும் அமேசானும் குடுத்த புகார், அவங்க டெக் சப்போர்ட்னு சொல்லி பாப்-அப்ல நம்பர் போட்டு வெளிநாட்டுக்காரங்களை ஏமாத்துன கால் சென்டருங்க. அங்க ஏமாந்ததுலயும் நிறைய வயசானவங்க, இங்க ஏமாறுறதுலயும் நிறைய வயசானவங்க, அதுதான் எனக்கு வயித்தெரிச்சலா இருக்கு.

சரி, எப்படிக் கண்டுபிடிக்கிறது. நான் கடைக்கு வர்ற எல்லார்கிட்டயும் சொல்றது இதுதான், ஒரு வெப்சைட்டால உங்க சி டிரைவ் உள்ள போய் ஸ்கேன் பண்ணவே முடியாது. பிரவுசர்ல ஓடுற அந்த ஸ்கேன் வெறும் படம், அனிமேஷன். அதனாலதான் ஆப்பிள் கம்ப்யூட்டர்ல தொறந்தாலும், ஏன் போன்ல தொறந்தாலும் கூட, விண்டோஸ் ஃபோல்டர்ல வைரஸ்னு காட்டும், போன்ல ஏது சார் சி டிரைவ். திரும்பத் திரும்பத் தொறந்து பாருங்க, பல தடவை அதே எண்ணிக்கை, அதே வைரஸ் பேருதான் வரும். ஆப்பிள்ல வைரஸே வராதுன்னு சொல்றவங்களுக்கும் ஒண்ணு சொல்லிக்கிறேன், 2011 மே மாசம் மேக் டிஃபெண்டர்னு இதே ரகம் ஆப்பிளுக்குன்னே வந்துச்சு, கூகுள்ல படம் தேடுறவங்களைப் பிடிச்சுச்சு, ஆப்பிள் கம்பெனி அந்த மாசக் கடைசியில தனி அப்டேட் விட வேண்டி வந்துச்சு.

அடுத்தது போன் நம்பர். மைக்ரோசாஃப்ட்டோட நிஜமான எச்சரிக்கையில போன் நம்பர் இருக்கவே இருக்காது, இதை அவங்களே சொல்லியிருக்காங்க. நம்பர் இருந்தா அது போலி, அதுல யோசிக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல. அப்புறம் நீங்க போடாத ஒரு ஆன்டிவைரஸ் திடீர்னு வந்து நிக்கிறது, வால்பேப்பர் மாறிப் போறது, டாஸ்க் மேனேஜரைத் தொறந்தா அட்மின் தடை பண்ணிட்டாருன்னு வர்றது, நல்ல ஆன்டிவைரஸ் சைட் மட்டும் தொறக்காம மத்த சைட் எல்லாம் தொறக்கிறது, இதெல்லாம் அது உள்ளயே வந்து உக்காந்துடுச்சுங்கறதுக்கு அடையாளம். வீடியோ பாக்கணும்னா இந்த கோடெக்கை (வீடியோ ஓட்டுறதுக்கான சின்ன சாஃப்ட்வேர்) போடு, பிரவுசரை அப்டேட் பண்ணுன்னு கேட்டு நுழையிறது பழைய வழி, ஸ்லாப்னு ஒரு ட்ரோஜன், அதாவது நல்லது மாதிரி நடிச்சு உள்ள வர்ற புரோகிராம், அந்தக் காலத்துல கோடெக் வேஷத்துல வந்துதான் இந்தப் போலி சாஃப்ட்வேர்களை எல்லாம் இறக்கி விட்டுச்சு. இன்னிக்கும் அதே மாதிரி கேட்டா போடாதீங்க.

காசு கேக்குறதுல ஒரு நுணுக்கம் இருக்கு, அதைச் சொல்லலன்னா நல்லதையும் கெட்டதுன்னு நினைச்சிடுவாங்க. நல்ல கம்பெனிக்காரங்களும் காசுக்குத்தான் விக்கிறாங்க, நம்ம சென்னையில இருக்கிற கே7, புனேயில இருக்கிற குவிக் ஹீல் எல்லாமே லைசன்ஸ் காசுதான். ஆனா அவங்க பொய்யா ஒரு லிஸ்ட் போட்டுக் காட்டிட்டு, இதை எடுக்க இப்பவே கட்டு, இல்லன்னா இன்னும் அஞ்சு நிமிஷத்துல எல்லாம் அழிஞ்சிடும்னு கடிகாரம் ஓட விட மாட்டாங்க. வீட்டுக்குள்ள திருடன் பூந்துட்டான்னு கத்திக்கிட்டே ஓடி வந்து, பீரோ சாவியைக் குடு நான் பாத்துக்கிறேன்னு சொல்றவனை நாம நம்புவோமா, அந்த மாதிரிதான் இது. புது லேப்டாப் வாங்கும்போதே ஒரு ஆன்டிவைரஸ் சும்மா ட்ரயல்னு உள்ள இருக்கும், அது முடிஞ்சா நிஜமாவே ஞாபகப்படுத்தும். சந்தேகமா இருந்தா அந்தப் பாப்-அப்பைத் தட்டாதீங்க, ஸ்டார்ட் மெனுவுல போய் அந்த சாஃப்ட்வேரைத் தனியாத் தொறந்து பாருங்க, உண்மையாவே முடிஞ்சிருந்தா அங்க தெரியும்.

இப்ப எடுக்கிற விதம். இதை விலாவாரியாவே எழுதுறேன், ஏன்னா இது தெரியாமத்தான் ஜனங்க காசும் கட்டுறாங்க, ஃபார்மட்டும் அடிக்கிறாங்க.

முதல்ல அது பிரவுசர்ல மட்டும் இருக்கா இல்ல கம்ப்யூட்டருக்குள்ள வந்துடுச்சான்னு பாருங்க. பிரவுசர் ஸ்கிரீன் முழுக்கப் பிடிச்சுக்கிட்டு விடலன்னா எஸ்கேப் பட்டனைக் கொஞ்ச நேரம் அமுக்கிப் பிடிங்க, அதுக்கும் அசையலன்னா கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேத்து அமுக்கினா டாஸ்க் மேனேஜர் வரும், அதுல பிரவுசரைப் பிடிச்சு எண்ட் டாஸ்க் குடுத்துடுங்க. பாப்-அப்ல இருக்கிற ‘கேன்சல்’, எக்ஸ் குறி எதையும் தொடாதீங்க, அதுவும் அவங்க வரைஞ்ச பட்டனாவே இருக்கலாம். மறுபடி பிரவுசர் தொறக்கும்போது பழைய பக்கத்தை ரீஸ்டோர் பண்ணவான்னு கேக்கும், வேண்டாம்னு சொல்லிடுங்க. பாதி கேஸ் இதோட முடிஞ்சிடும்.

கம்ப்யூட்டர் ஓரத்துல, வலது பக்கம் கீழ, மணிக்கொரு தடவை ‘உங்க ஆன்டிவைரஸ் காலாவதி’ன்னு வந்துக்கிட்டே இருக்குன்னா அது வைரஸே இல்ல, ஏதோ ஒரு சைட்டுல ‘நான் ரோபோ இல்ல, அலோ கொடு’ன்னு கேட்டு நீங்க அலோ கொடுத்திருப்பீங்க. குரோம்ல செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் போய் தெரியாத பேர் எல்லாத்தையும் தூக்கிடுங்க. இப்ப எங்கிட்ட வர்றதுல இந்த ரகம்தான் அதிகம், ரெண்டு நிமிஷ வேலை, இதுக்குப் போய் ஃபார்மட் அடிச்சு காசு வாங்குறது பாவம்.

உள்ள வந்து உக்காந்துடுச்சுன்னா முதல் வேலை நெட்டைக் கட் பண்றது, வைஃபையை ஆஃப் பண்ணுங்க இல்ல கேபிளை உருவுங்க. வேற நல்ல கம்ப்யூட்டர்ல போய் மால்வேர்பைட்ஸ் (நெட் இல்லாமலே போடக்கூடிய ஆஃப்லைன் இன்ஸ்டாலர்), மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனர்னு சுத்தம் பண்ற டூல் ரெண்டையும் அவங்கவங்க சொந்த சைட்டுல இருந்தே இறக்கி பென் டிரைவ்ல போட்டுக்குங்க, கூகுள்ல முதல்ல வர்ற விளம்பர லிங்கைத் தட்டிடாதீங்க, அங்கயும் போலி உக்காந்திருக்கும். மால்வேர்பைட்ஸ் பிரீமியம் வாங்கச் சொல்லும், வாங்கணும்னு இல்ல, ஸ்கேன் பண்ணி எடுக்கிறது இலவசம்தான்.

அப்புறம் சேஃப் மோடு, அதாவது விண்டோஸ் அவசியமானதை மட்டும் வச்சு ஓடுறது. பழைய எக்ஸ்பி, விண்டோஸ் 7ல ஆன் ஆகும்போதே எஃப்8 அமுக்கினா போதும், 10, 11ல ஷிஃப்ட்டை அமுக்கிக்கிட்டே ரீஸ்டார்ட் கொடுங்க, நீல ஸ்கிரீன் வரும், டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட், அதுல 4 அமுக்கினா சேஃப் மோடு, 5 அமுக்கினா நெட்டோட சேஃப் மோடு. சில லேப்டாப்ல பிட்லாக்கர் கீ, அதாவது டிஸ்க் பூட்டைத் தொறக்குற நீள நம்பர் கேக்கும், அது பொதுவா உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல இருக்கும், போன்ல லாகின் பண்ணிப் பாத்து முன்னாடியே எழுதி வச்சுக்குங்க, இல்லன்னா பாதியில மாட்டிக்குவீங்க. சேஃப் மோடுல பொதுவா இந்தப் போலிங்க தானா ஓடாது, அதனால அங்க வச்சு ஸ்கேன் பண்ணா சுலபமா சிக்கும்.

சில முரட்டுப் போலி இருக்கு, எந்த புரோகிராமைத் தட்டினாலும் அதையே தொறக்க விடாது, இந்த ஃபைல்ல வைரஸ் இருக்குன்னு சொல்லி மூடிடும். ஆர்கில்னு ஒரு சின்ன டூல் இருக்கு, அது இவங்க ஓட்டுற புராசஸை நிறுத்தும், போலிக்கு அடையாளம் தெரியக்கூடாதுன்னு வேற வேற பேர்லயும் அதைக் குடுக்கிறாங்க, ஒரு பேர்ல ஓடலன்னா இன்னொண்ணை ஓட்டிப் பாருங்க. அது நிறுத்துமே தவிர அழிக்காது, அதனால அதை ஓட்டிட்டு ரீஸ்டார்ட் பண்ணிடாதீங்க, பண்ணா போலி திரும்ப எந்திரிச்சிடும், கையோட மால்வேர்பைட்ஸ் ஸ்கேனை ஓட்டிடுங்க. இதுவும் கேக்கலன்னா விண்டோஸ் செக்யூரிட்டிக்குள்ள ஸ்கேன் ஆப்ஷன்ஸ்ல ஆஃப்லைன் ஸ்கேன்னு இருக்கு, அது விண்டோஸ் முழுசா எந்திரிக்கிறதுக்கு முன்னாடியே ஓடும், போலிக்கு ஒளிய இடம் இருக்காது. விண்டோஸ் 8ல இருந்து மைக்ரோசாஃப்ட்டோட டிஃபெண்டர் ஆன்டிவைரஸ் கூடவே வருது, அதுவே நிறைய பேருக்குப் போதும், தனியா வாங்கியே ஆகணும்னு கட்டாயம் இல்ல.

சுத்தம் ஆன அப்புறமும் நெட் வரலன்னு திரும்ப வருவாங்க. ரெண்டு இடம் பாக்கணும். ஒண்ணு பிராக்ஸி, அதாவது நெட்டை வேற வழியா திருப்பி விடுற செட்டிங், செட்டிங்ஸ்ல நெட்வொர்க் பக்கம் நீங்க போடாத பிராக்ஸி இருந்தா ஆஃப் பண்ணுங்க. இன்னொண்ணு ஹோஸ்ட்ஸ் ஃபைல், சி டிரைவ்ல விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ், இடிசின்னு உள்ள போனா இருக்கும், நோட்பேட்ல தொறந்து பாத்தா ஆன்டிவைரஸ் கம்பெனி பேரு எல்லாம் 127.0.0.1ன்னு, அதாவது உங்க கம்ப்யூட்டருக்கே திரும்புற அட்ரஸா, எழுதியிருக்கும், அதுதான் அந்த சைட் எல்லாம் தொறக்காத காரணம், அந்த வரிங்களை அழிச்சிடுங்க. ஸ்டார்ட்டப் லிஸ்ட்லயும் பிரவுசர் எக்ஸ்டென்ஷன்லயும் தெரியாதது இருக்கான்னு பாத்துடுங்க.

இவ்வளவு பண்ணியும் சரியாகாத கேஸ் உண்டு, நான் மறைக்கல, அப்ப ஃபார்மட்தான். ஆனா அதுக்கு முன்னாடி போட்டோ, டாக்குமெண்ட் எல்லாத்தையும் வெளி ஹார்டு டிஸ்க்ல எடுத்து வச்சிட்டுத்தான் பண்ணணும். என் தொழில்ல இருக்கிற தம்பிங்களுக்கும் அண்ணன்மாருக்கும் உங்க பேப்பர் வழியா இதைக் கேட்டுக்கிறேன், ஃபார்மட்டை முதல் மருந்தா குடுக்காதீங்க, அந்தக் குடும்பத்துக்கு அந்தப் போட்டோ திரும்பக் கிடைக்காது.

காசு கட்டிட்டவங்க வெட்கப்பட்டு வெளிய சொல்லாம இருக்காங்க, அது வேண்டாம். கார்டுல கட்டியிருந்தா உடனே பேங்குக்குப் போன் போட்டு கார்டை பிளாக் பண்ணுங்க, சைபர் மோசடிப் புகாருக்கான 1930 நம்பருக்குக் கூப்பிடுங்க, எவ்வளவு சீக்கிரம் சொல்றீங்களோ அவ்வளவு நல்லது, மத்திய அரசோட சைபர் கிரைம் போர்ட்டல்லயும் புகார் குடுக்கலாம். எனிடெஸ்க், டீம்வியூவர் மாதிரி தூரத்துல இருந்தே உங்க கம்ப்யூட்டரை இயக்க விடுற சாஃப்ட்வேரைப் போட வச்சு அவங்க உள்ள வந்திருந்தா நெட்டைக் கட் பண்ணிட்டு அதைத் தூக்கிட்டு, வேற போன்ல இருந்து பேங்க், மெயில் பாஸ்வேர்டு எல்லாம் மாத்துங்க. அதே கம்ப்யூட்டர்ல உக்காந்து மாத்தாதீங்க. மத்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் நடத்துற சைபர் ஸ்வச்தா கேந்திரா 2017ல இருந்து இருக்கு, அதுல இலவசமா சுத்தம் பண்ற டூல் கிடைக்குது, நம்ம ஊர்ல பாதிப் பேருக்கு அப்படி ஒண்ணு இருக்கிறதே தெரியாது. நீங்க ஒரு தடவை முதல் பக்கத்துல ஒரு மூலையில போட்டா கூடப் போதும்.

விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட மைக்ரோசாஃப்ட்டோட வழக்கமான அப்டேட் நின்னு போச்சு, நம்ம ஊர்ல அந்த சிஸ்டம் இன்னும் நிறைய ஓடுது, ‘அப்டேட் முடிஞ்சு போச்சு, இதைத் தட்டுங்க’ன்னு போலி வர்றதுக்கு நல்ல தோதான நேரம் இது.

உங்ககிட்ட கேக்குறது ரெண்டுதான் சார். உங்க சைட்டுல விளம்பரம் குடுக்கிற நெட்வொர்க்காரங்ககிட்ட ‘வைரஸ் எச்சரிக்கை’, ‘சிஸ்டம் கிளீனர்’, ‘டிரைவர் அப்டேட்’ மாதிரி விளம்பர வகையை நிறுத்தச் சொல்லுங்க, அதோட வாரத்துல சனி ஞாயிறுலயும் யாராவது ஒருத்தர் வெளி நெட்ல, உங்க ஆபீஸ் நெட்ல இல்லாம, சைட்டைத் தொறந்து பாக்கச் சொல்லுங்க, ஆபீஸ்ல பாத்தா நல்ல விளம்பரம்தான் தெரியும்னு மேலயே சொல்லிட்டேன். தப்பு விளம்பரம் வந்தா படிக்கிறவங்க சொல்றதுக்கு ஒரு மெயில் ஐடியும் பக்கத்துக்குக் கீழ போட்டு வைங்க, வந்தா நானே ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புறேன்.

கடிதம் ரொம்ப நீளமாயிடுச்சு. இடம் இல்லன்னா அமெரிக்கா வழக்கு விஷயத்தை எல்லாம் வெட்டிடுங்க, எடுக்கிற முறையையும் 1930 நம்பரையும் மட்டும் வெட்டாம போடுங்க.

இப்படிக்கு,
உங்க நீண்ட நாள் வாசகன்,
கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்காரன்,
விருதுநகர்.